நெஞ்செரிச்சலும் சர்க்கரையும் இருந்தால் ஸ்லீவா, பைபாஸா?

உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் செய்யும் ஆபரேஷனில் ஸ்லீவா, பைபாஸா என்று கேட்கிறீர்கள். ஸ்லீவ் வேண்டாம், இரைப்பை பைபாஸில் வழக்கமான வகையான ரூ-என்-ஒய் பைபாஸ் பற்றி சர்ஜனிடம் பேசுங்கள். தினமும் அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் மாத்திரை போட்டும் இரவில் புளித்து மேலே வருகிறது, சர்க்கரையும் இருக்கிறது என்கிறீர்களே, அதனால்தான் சொல்கிறேன். ஸ்லீவ் எளிய ஆபரேஷன் என்று உங்கள் அக்கா சொன்னது உண்மைதான், குடலில் கை வைப்பதில்லை. ஆனால் உங்கள் தொந்தரவுக்கு அது ஒத்துவராது.

ஸ்லீவில் இரைப்பையில் முக்கால் பங்கு அல்லது அதற்கும் மேல் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விடுவார்கள். அந்தக் குறுகிய குழாயில் அழுத்தம் கூடும், அமிலம் மேலே ஏறும். எரிச்சலே இல்லாதவர்களுக்குக்கூட இது புதிதாக வருவதுண்டு. பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி பையை மட்டும் தனியாகப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு இணைப்பார்கள். இரைப்பையில் அமிலம் சுரக்கும் பெரும்பகுதி உணவுப் பாதையிலிருந்து விலகிவிடும். சர்க்கரையும் பொதுவாக இதில் நன்றாகக் கட்டுப்படும்.

தேதி குறிக்கும் முன் எண்டோஸ்கோப்பி கேளுங்கள். ரிப்போர்ட்டில் உணவுக்குழாய்ப் புண், ஹயாட்டஸ் ஹெர்னியா (இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுப் பக்கம் ஏறியிருப்பது) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஸ்லீவுக்கு எதிரான காரணம் இன்னும் வலுக்கும். குடலை ஒரே இடத்தில் மட்டும் இணைக்கும் மினி பைபாஸ் என்று சர்ஜன் சொன்னால், பித்தநீர் மேலே வரும் வாய்ப்பைப் பற்றியும் கேட்டுவிடுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் போடுபவரா, புகைப்பவரா? பைபாஸுக்குப் பிறகு இரண்டும் தையல் இடத்தில் புண் உண்டாக்கும், மறைக்காமல் சர்ஜனிடம் சொல்லுங்கள். அப்புறம் பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகள் ஆயுள் முழுக்க. சர்க்கரை மாத்திரை அளவை ஆபரேஷன் முடிந்த உடனேயே குறைக்க வேண்டிவரலாம், அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.