ஐந்து ஏக்கர், ஒரு வீடு, ஒரு ஆர்.வி.: வாங்கலாமா?

கேள்வி: டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் வாடகைக்கு இருக்கிறோம். கிரீன் கார்டு உண்டு. நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். இருவர் சம்பளமும் சேர்த்து ஆண்டுக்கு 1,65,000 டாலர், கையிருப்பு 1,50,000 டாலர். 36 அடி ஃபிஃப்த் வீல் ஆர்.வி.யை (பிக்கப்பில் கோத்து இழுக்கும் நடமாடும் வீடு) ஸ்டோரேஜில் விட மாதம் 170 டாலர் கொடுக்கிறோம். அதன் தவணை 640, கார் தவணை 550. ஹன்ட் கவுண்டியில் 5 ஏக்கருடன் ஒரு வீடு 5,20,000 டாலருக்கு வருகிறது. எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) இல்லை, சொத்து வரி ஆண்டுக்கு 3,100 டாலர்தான் என்கிறார்கள். கிராமப்புற வீட்டுக்கு யுஎஸ்டிஏ (அமெரிக்க விவசாயத் துறை) கடனில் முன்பணமே வேண்டாம் என்கிறார் நண்பர். ஸ்டோரேஜ் வாடகையும் மிச்சம். வாங்கலாமா?

பதில்: கிராமத்தில் வாழ ஆசை என்றால் வாங்கலாம். ஸ்டோரேஜ் வாடகையை மிச்சம் பிடிக்க என்றால் வேண்டாம். ஆண்டுக்கு மிச்சமாவது 2,040 டாலர். வண்டியை நிறுத்த இடம் தயார் செய்யும் செலவை (கீழே வருகிறது) அது ஈடுகட்டவே ஏழு வருடம் ஆகும்.

யுஎஸ்டிஏ கடனை மறந்துவிடுங்கள். அந்தப் பகுதியின் நடுத்தர வருமானத்தில் 115% வரை உள்ள குடும்பங்களுக்குத்தான் அது. உங்கள் சம்பளம் அதைத் தாண்டிவிடும். சாதாரண கன்வென்ஷனல் கடனே (அரசு உத்தரவாதம் இல்லாத வங்கிக் கடன்) வழி. 20% முன்பணம் 1,04,000, க்ளோசிங் (வாங்கலை முடித்துக் கையெழுத்திடும்) செலவு சுமார் 13,000 போனால் கையில் 33,000 மிஞ்சும். 4,16,000 டாலர் கடனுக்கு 6.5% வட்டி என்று வைத்தால், 30 ஆண்டுத் தவணை மாதம் 2,630. வரிக்கு 500, இன்சூரன்ஸுக்கு 400 சேர்த்தால் 3,530. இருக்கும் தவணைகளோடு 4,720, அதாவது மொத்தச் சம்பளத்தில் 34%. வங்கி தாராளமாகக் கொடுக்கும். ஆனால் கிணற்று மோட்டாரும் செப்டிக்கும் உங்கள் பொறுப்பில் இருக்கிற வீட்டில் 33,000 பெரிய தொகை அல்ல. 15% முன்பணம் போட்டு பிஎம்ஐ (முன்பணம் 20 சதவீதத்துக்குக் குறைந்தால் கட்டும் கடன் காப்பீடு) கட்டினால் எவ்வளவு ஆகும் என்றும் ஒரு கணக்கு வாங்கிப் பாருங்கள். கடன் வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்துக்கு இறங்கியதும் பிஎம்ஐயை நீக்கச் சொல்லிக் கேட்கலாம். க்ளோசிங் முடியும்வரை ஆர்.வி.யை மாற்றுவதோ புதுக் கடன் எடுப்பதோ கூடாது. கையெழுத்துக்கு முன் கிரெடிட்டை மறுபடி பார்ப்பார்கள்.

வரிக்கு நான் 500 போட்டதைக் கவனித்திருப்பீர்கள். விற்பவர் கட்டும் 3,100ஐ நம்ப வேண்டாம். அதில் இரண்டு சலுகைகள் ஒளிந்திருக்கலாம். ஒன்று, 65 வயதைக் கடந்தவருக்கான வரி உச்சவரம்பு. அது அவரோடு போய்விடும். இன்னொன்று, தீவனப் புல் அறுக்கும் நிலத்துக்கான விவசாய மதிப்பீடு (சந்தை விலைக்குப் பதில் விளைச்சலை வைத்து வரி போடுவது). புது உரிமையாளர் அதற்குத் தன் பெயரில் மே 1க்கு முன் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். வீடும் அதைச் சுற்றிய ஓர் ஏக்கரும் 4,20,000 டாலர் மதிப்பு, பள்ளி வரி 1.1%, மற்றவை 0.7% என்று வைத்துக்கொள்வோம். ஹோம்ஸ்டெட் விலக்கில் (குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகை) பள்ளி வரிக்கு 1,40,000 கழிந்த பிறகும் ஆண்டுக்கு ஆறாயிரம் வரும்.

ஆர்.வி. எங்கே நிற்கிறது என்பதும் வரியைத் தொடும். விவசாய மதிப்பீட்டில் உள்ள புல்வெளியில் ஜல்லி கொட்டி வண்டியை நிறுத்தினால், அந்தத் துண்டின் பயன்பாடு மாறியதாகக் கணக்காகி, முந்தைய மூன்று ஆண்டு வரி வித்தியாசத்தைக் கேட்பார்கள். வீட்டைச் சுற்றி ஏற்கெனவே விலக்கிவைத்த ஓர் ஏக்கருக்குள் நிறுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை.

'எச்ஓஏ இல்லை' என்றதும் எதுவும் செய்யலாம் என்று நினைத்துவிடாதீர்கள். நகர எல்லைக்கு வெளியே டெக்சாஸ் கவுண்டிகளுக்குப் பொதுவாக ஜோனிங் (எந்த இடத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வரையறுக்கும்) அதிகாரம் கிடையாது, உண்மைதான். ஆனால் மனையைப் பிரித்து விற்றவர் எழுதிவைத்த டீட் (பத்திர) கட்டுப்பாடு சங்கமே இல்லாமலும் செல்லும். டைட்டில் கமிட்மென்ட்டில் (உரிமைக் காப்பீட்டு நிறுவனம் முன்கூட்டித் தரும் அறிக்கை) ஷெட்யூல் பி பகுதியைப் பாருங்கள். அங்கே குறிப்பிட்ட பத்திரத்தின் முழு நகலையும் வாங்கி, ஆர்.வி., டிரெய்லர் என்ற சொற்களைத் தேடுங்கள். 'சாலையிலிருந்து தெரியக்கூடாது', 'அதில் யாரும் தங்கக்கூடாது' போன்ற வாசகங்கள் வழக்கமாக வரும். ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை அதில் தங்கவைக்கும் எண்ணம் இருந்தால் இரண்டாவது வாசகம் உங்களுக்குத்தான். இதெல்லாம் ஆப்ஷன் பீரியடுக்குள் (காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்திலிருந்து விலகக்கூடிய நாட்கள்) முடிய வேண்டும். பத்து நாளுக்குக் குறைவாக ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அதே பத்து நாளில் டேப்பும் கையுமாக ஒரு முறை போய் வாருங்கள். பிக்கப்போடு கோத்தால் உங்கள் வண்டி 50 அடியைத் தாண்டும், உயரம் 13 அடியை நெருங்கும். மரக்கிளைக்கும் கம்பிக்கும் கீழே 14 அடி இடைவெளி வேண்டும். குறுகிய கவுண்டி சாலையிலிருந்து திரும்ப 12 அடி கேட் போதாது. 16 அடி வேண்டும், அதையும் சாலையிலிருந்து 60 அடி உள்ளே தள்ளி வைத்தால் வால் சாலையில் நீட்டிக்கொண்டு நிற்காது. வாசலில் கல்வெர்ட் (சாலையோரப் பள்ளத்தில் நீர் போகும் குழாய்) போட வேண்டியிருந்தால் கவுண்டியிடமோ, எஃப்எம் (மாநிலத்தின் கிராமப்புற) சாலை என்றால் மாநில போக்குவரத்துத் துறையிடமோ அனுமதி வாங்க வேண்டும்.

அந்தப் பக்கத்துக் கருப்புக் களிமண் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும். மெல்லிய கான்கிரீட் விரிசல் விடும். வெறும் மண்ணில் சக்கரம் இறங்கிவிடும். ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, மேலே 6 அங்குலம் ஜல்லி போட்டு இறுக்குவது நல்லது. 14க்கு 50 அடி இடத்துக்கு சுமார் 20 டன் ஆகும். பலரும் மறப்பது அந்த இடம்வரை போகும் பாதையை: 12 அடி அகலம், 200 அடி நீளம் என்றால் 60 டன்னுக்கு மேல். ஜல்லி, கேட், கல்வெர்ட், மின்சாரம் எல்லாவற்றுக்கும் 14,000 டாலர் ஒதுக்குங்கள்.

மின் இணைப்பு 50 ஆம்ப் என்றால் 120/240 வோல்ட், நான்கு கம்பி. 30 ஆம்ப் என்றால் 120 வோல்ட் மட்டுமே. ஆர்.வி. பழக்கமில்லாத எலக்ட்ரீஷியன் 30 ஆம்ப் என்றதும் டிரையருக்குப் போடுவதுபோல் 240 கொடுத்துவிடுவார். செருகிய நொடியில் உள்ளே இருக்கும் சாதனங்கள் போய்விடும். சொல்லித்தான் போடச் செய்யுங்கள், செருகும் முன் மீட்டர் வைத்து அளந்துவிடுங்கள்.

செப்டிக் வரைபடத்தைக் கவுண்டியிடம் கேட்டு வாங்குங்கள். கழிவுநீர் ஊறும் பகுதிமேல் வண்டி ஏறினால் குழாய் நசுங்கி, மண் இறுகி, மொத்தத்தையும் மாற்ற வேண்டிவரும். ஆர்.வி. டேங்கில் ஊற்றும் ஃபார்மால்டிஹைட் கலந்த மருந்து செப்டிக்கின் பாக்டீரியாவைக் கொல்லும் என்பதால், ஆர்.வி. கழிவை அதில் விடாமல் டம்ப் ஸ்டேஷனுக்கே கொண்டு போங்கள்.

வீட்டு இன்சூரன்ஸ் ஆர்.வி.க்குப் பொருந்தாது, அதன் பாலிசி தனியாகவே தொடரட்டும். வீட்டுப் பாலிசியில் ஆலங்கட்டி மழைக்கான டிடக்டிபிளை மட்டும் படித்துப் பாருங்கள்: 2% என்றால், 4,00,000 டாலர் வீட்டுக்கு முதல் 8,000 உங்கள் பையிலிருந்து.

ஆர்.வி.யில் படுக்கை, அடுப்பு, கழிப்பறை மூன்றும் இருப்பதால், கடன் அதன்மேல் அடமானமாக இருந்தால் வட்டியை வருமான வரியில் இரண்டாவது வீட்டு வட்டியாகக் கழிக்கலாம். ஆனால் 2026க்குத் தம்பதியருக்கான நிலையான கழிவே (செலவுக் கணக்குக் காட்டாமல் கிடைப்பது) 32,200 டாலர். உங்கள் முதலாண்டு வீட்டு வட்டி சுமார் 27,000, சொத்து வரி 6,000. இரண்டும் சேர்ந்து அந்தக் கழிவைச் சிறிதே தாண்டுகிறது. இதில் கிடைப்பது சில நூறு டாலர்தான். அதை நம்பி விலையை ஏற்றிப் பேசாதீர்கள்.