நீச்சல் அரைகுறை, சர்ஃபிங் வகுப்பில் சேரலாமா?

கேள்வி: மார்ச் தொடக்கத்தில் குடும்பத்தோடு பினாங்கில் அக்கா வீட்டுக்கும், பிறகு கிழக்குக் கரையிலுள்ள செராத்திங் கடற்கரைக்கும் போகிறோம். எனக்கு 39 வயது. நீச்சல் அரைகுறைதான், கழுத்தளவுத் தண்ணீர் என்றாலே பயம். 11 வயது மகள் நன்றாக நீந்துவாள். இருவரும் பலகைமேல் நின்று அலையில் சறுக்கும் சர்ஃபிங் வகுப்பு ஒன்று எடுக்க ஆசைப்படுகிறோம். பினாங்கின் பத்து ஃபெரிங்கி கடற்கரையிலேயே முடித்துவிடலாமா? எதைப் பார்த்து வகுப்பைத் தேர்ந்தெடுப்பது? (வாசகி, செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: தாராளமாக எடுக்கலாம். முதல் வகுப்பு முழுக்க இடுப்பளவுத் தண்ணீரில்தான் நடக்க வேண்டும். அலை உடைந்து வெள்ளை நுரையாகக் கரைக்கு உருண்டு வரும் பகுதி அது. விழுந்தாலும் எழுந்தால் கால் தரையில் ஊன்றும். உடையாத அலையை ஆழத்துக்குப் போய்ப் பிடிப்பதெல்லாம் பிறகு. "கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம்" என்று முதல் நாளே அழைக்கும் பயிற்றுநர் உங்களுக்கு வேண்டாம்.

இடுப்பளவுத் தண்ணீர்தானே என்று முன்தயாரிப்பு இல்லாமலும் போகக்கூடாது. நுரை முகத்தில் அறையும், பலகையிலிருந்து விழும்போது தலை முழுகும். அந்த நேரத்தில் பதறாமல் காலை ஊன்றி எழத் தெரிய வேண்டும். உங்கள் கொண்டோ நீச்சல் குளத்தில் இதைச் சோதித்துப் பாருங்கள். மார்பளவுத் தண்ணீரில் மூச்சை இழுத்துப் பிடித்து, முகம் கீழே இருக்கக் குப்புற மிதந்து, மனதுக்குள் ஐந்து வரை எண்ணி, யாரையும் பிடிக்காமல் எழுந்து நில்லுங்கள். பத்து முறை தொடர்ந்து செய்ய முடிந்தால் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். மூன்றாவது முறையே மூக்கில் தண்ணீர் ஏறி இருமல் வந்தால், முதலில் நீச்சல் வகுப்பு. சர்ஃபிங் அடுத்த ஆண்டுக்கு இருக்கட்டும். சன்வே லகூன் போன்ற நீர்ப் பூங்காக்களின் அலைக்குளத்தில் ஒரு மணி நேரம் நின்று, அலை மேலே மோதும்போது உடல் எப்படித் தள்ளாடுகிறது என்று பழகிக்கொள்வதும் உதவும். நீச்சல் அரைகுறை என்பதைப் பதிவு செய்யும்போதே பயிற்றுநரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைப்பதுதான் ஆபத்து.

பத்து ஃபெரிங்கியில் வேலைக்காகாது. பினாங்கு மலாக்கா நீரிணையில் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் பெரிய அலைகளைச் சுமாத்திரா தீவு குறுக்கே படுத்துத் தடுத்துவிடுகிறது. நீரிணையும் குறுகலானது. காற்று நீண்ட தூரம் கடல்மேல் வீசினால்தான் அலை வளரும், அதற்கு அங்கே இடமில்லை. போதாக்குறைக்கு, கொடிய நஞ்சுள்ள பெட்டி ஜெல்லிமீன்கள் பினாங்குக் கடலில் காணப்பட்டிருக்கின்றன. அங்கே அக்கா வீட்டுச் சாப்பாட்டை ரசியுங்கள், சர்ஃபிங்கைக் கிழக்குக் கரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

செராத்திங் நல்ல தேர்வு. கோலாலம்பூரிலிருந்து குவாந்தான் வழியாக ஏறத்தாழ 300 கி.மீ., நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தரை மணல், கரை மெதுவாகச் சரிகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பர் முதல் மார்ச் வரைதான் அங்கே அலை. டிசம்பர், ஜனவரியில் மழையும் காற்றும் கடுமை, சாலையில் வெள்ளம் ஏறும் நாள்களும் உண்டு. புதியவர்களுக்குப் பிப்ரவரி பிற்பாதியும் மார்ச் தொடக்கமும்தான் பொருத்தம் என்பது என் கருத்து. காற்று தணிந்து, அலை சிறிதாகியிருக்கும். மார்ச் கடைசியில் கடல் குளம்போல் அடங்கிவிடக்கூடும், பயணத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நோன்பு மாதம் இப்போது பிப்ரவரி, மார்ச்சை ஒட்டி வருகிறது. வகுப்பு நேரம் மாறலாம் என்பதால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய இரவு மலேசிய வானிலைத் துறையான மெட்மலேசியாவின் மைசுவாச்சா (myCuaca) செயலியைத் திறந்து பலத்த காற்று, கடல் கொந்தளிப்பு எச்சரிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். அதன் முதல் நிலையே மணிக்கு 40 முதல் 50 கி.மீ. காற்று, 3.5 மீட்டர் வரை அலை என்பதைக் குறிக்கிறது. அன்று தண்ணீரில் இறங்கும் பேச்சே வேண்டாம். உங்களுக்குத் தேவை முழங்காலிலிருந்து இடுப்பு வரை உயரமுள்ள அலை.

பதிவு செய்யும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்? எந்தப் பலகை தருவீர்கள்? கடல் மோசமாக இருந்தால் பணம் திரும்புமா, அல்லது வேறு நாள் தருவீர்களா? முதல் கேள்விக்கு நான்கு பேர் என்றால் நல்லது. ஆனால் நீச்சல் அரைகுறை என்பதால் உங்களுக்கு மட்டும் தனிப் பயிற்றுநர் கேளுங்கள், கூடுதல் பணம் ஆனாலும் பரவாயில்லை. மகளை உங்களோடு சேர்க்க வேண்டாம். அவளைக் கவனிப்பதிலேயே உங்கள் கண் போகும். அவளுக்கு முதலுதவியும் மீட்புப் பயிற்சியும் பெற்ற ஆள் வேண்டும்.

பலகை விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். மேற்புறம் மெத்தென்று இருக்கும் ஃபோம் போர்டுதான் வேண்டும். ஃபைபர் பலகை தலையில் பட்டால் தையல் போட வேண்டிவரும். உங்கள் எடை 60, 70 கிலோ என்றால் 8 முதல் 9 அடி நீளம். மகளுக்கு 7 அடி போதும். குட்டையான பலகை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மிதப்பு குறைவு. அலையின் வேகத்தை எட்டுவதற்குள் அமிழ்ந்துவிடும், நிற்கவே வாய்ப்பு வராது. புதியவர்கள் ஏமாந்துபோவது பெரும்பாலும் இங்கேதான்.

நம் வீட்டுப் பெண்களுக்கென்று சில விஷயங்கள். மெட்டி, கொலுசு, வளையல் எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். பலகையையும் காலையும் இணைக்கும் லீஷ் கயிற்றின் பட்டை கணுக்காலில்தான் இறுகும், கொலுசு அதில் மாட்டினால் தோல் கிழியும். தாலிக்கொடியோடு குப்புறப் படுத்தால் மார்பில் அழுந்தும், விழும்போது கழுத்தில் சுற்றும். கழற்ற மனமில்லையென்றால் அன்று மட்டும் மெல்லிய மஞ்சள் கயிற்றில் கோத்து, ராஷ் கார்டு என்னும் இறுக்கமான நீச்சல் மேற்சட்டைக்குள் அடக்கிவிடுங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைக்காதீர்கள். வழிந்து கண்ணுக்கும் கைக்கும் வந்தால் பலகையில் உள்ளங்கை வழுக்கும். வெயில் கிரீமையும் முகம், காது, பின்கழுத்து, பின்னங்கால் ஆகியவற்றோடு நிறுத்துங்கள். வயிற்றிலும் பாதத்திலும் பூசினால் அதே வழுக்கல்தான். கடல் வெதுவெதுப்பாகவே இருக்கும், குளிர் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட் தேவையில்லை. நீளக்கை ராஷ் கார்டும் முழங்கால் மறைக்கும் இறுக்கமான கால்சட்டையும் போதும். தொளதொளவென்ற டி ஷர்ட் தண்ணீரில் கனத்து மேலே ஏறி முகத்தை மூடும். காலையில் நாசி லெமாக்கை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வயிற்றின்மேல்தான் படுத்திருக்கப் போகிறீர்கள். இரண்டு மணி நேரம் முன்பாக லேசாகச் சாப்பிடுங்கள்.

வகுப்பு பொதுவாக இரண்டு மணி நேரம். முதல் அரை மணி மணலிலேயே போகும். அது வீண் என்று நினைக்காதீர்கள். முதலில் எந்தக் கால் முன்னே என்று பார்ப்பார்கள். எதிர்பாராமல் பின்னாலிருந்து லேசாகத் தள்ளினால் தானாக முன்னே ஊன்றும் கால்தான் பலகையிலும் முன்கால். லீஷ் கட்டுவது பின்காலில், கயிறு வெளிப்பக்கமாகப் பின்னோக்கி வரும்படி.

பிறகு படுக்கும் இடம். இதில்தான் பாதி வெற்றி. கால்விரல்கள் பலகையின் பின்நுனியை ஒட்டித் தொட, உடல் நடுக்கோட்டில் இருக்க வேண்டும். தண்ணீரில் படுத்துப் பார்க்கும்போது மூக்கு, அதாவது முன்நுனி, நீர்மட்டத்துக்கு மேலே மூன்று விரற்கடை எழும்பியிருந்தால் சரி. உங்கள் தாடைக்குக் கீழே பலகையில் எழுத்தோ கோடோ இருக்கும். அதை மனதில் குறித்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் தாடையை அதே இடத்துக்குக் கொண்டுவாருங்கள். முன்னே தள்ளிப் படுத்தால் மூக்கு நீரில் குத்தி நீங்கள் குட்டிக்கரணம் அடிப்பீர்கள். பின்னே தள்ளிப் படுத்தால் மூக்கு தூக்கி நின்று, நுரை உங்களை விட்டுவிட்டு முன்னே போய்விடும்.

எழும் முறை: உள்ளங்கைகளைக் கீழ்விலா எலும்புகளுக்குப் பக்கத்தில் விரித்துப் பதித்து, புஜங்காசனம்போல மார்பைத் தூக்குங்கள். ஓரங்களைப் பிடித்து எழுந்தால் ஒரு கை கூடுதலாக இழுக்கும், பலகை சாய்ந்துவிடும். ஒரே துள்ளலில் எழுவது இளைஞர்களுக்கு. உங்கள் வயதுக்கு எளிய வழி, பின்காலை முதலில் பக்கவாட்டாக ஊன்றி, முன்காலை இரு கைகளுக்கு நடுவே கொண்டுவந்து, பிறகு கைகளை விடுவது. முன்பாதம் பலகையின் நடுப்பகுதியில், பின்பாதம் தோள் அகலத்தைவிடச் சற்று அதிக இடைவெளியில், இரண்டும் நடுக்கோட்டின்மேல். முழங்கால் மடங்கியிருக்கட்டும், இடுப்பை மட்டும் வளைத்துக் குனியாதீர்கள். முழங்காலிட்டு நிற்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால் அங்கேயே தங்கிவிடுவீர்கள்.

தண்ணீரில் முதல் நான்கைந்து அலைகளை எழ முயலாமல் படுத்தபடியே கரை வரை சறுக்கி வாருங்கள். பலகை எந்தக் கணத்தில் அலையோடு சேர்கிறது என்பதை வயிறு கற்றுக்கொள்ள வேண்டும். பயிற்றுநர் பின்னாலிருந்து தள்ளுவார். நுரை மோதியதும் ஓர் உலுக்கல், அடுத்து பலகை சமநிலைக்கு வந்து வழவழவென்று ஓடும். அந்த ஓட்டம் தொடங்கியபின் மனதில் ஒன்று, இரண்டு எண்ணி எழுங்கள். உலுக்கலிலேயே எழுபவர்கள்தான் பக்கவாட்டில் விழுகிறார்கள். எழும்போது காலைப் பார்க்காதீர்கள். தலை குனிந்தால் எடை முன்னே போகும், மூக்கு குத்தும். கரையில் ஒரு தென்னை மரத்தைக் குறிவைத்து அதையே பாருங்கள். வகுப்புக்குள் இரண்டு மூன்று முறை நின்றுவிட்டால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

விழும்போது தலைகுப்புறப் பாயாமல், பின்பக்கமாகத் தட்டையாகத் தண்ணீரில் சரியுங்கள். ஆழம் குறைவு, தலை மணலில் மோதக்கூடாது. மேலே வரும்போது இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு வாருங்கள், லீஷில் இழுபட்ட பலகை உங்களை நோக்கியே திரும்பி வரும். நடந்து உள்ளே போகும்போது பலகையைப் பக்கவாட்டில் வைத்து, மூக்கைக் கடல் பக்கம் திருப்புங்கள். உங்களுக்கும் அலைக்கும் நடுவே பலகை குறுக்காக நின்றால் அலை அதை உங்கள் வயிற்றில் இடிக்கும். லீஷைக் கையில் சுற்றிக்கொள்வது விரலை முறிக்கும். தரையில் பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால், மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப்போகும்.

எங்கே இறங்கக்கூடாது என்பதும் தெரிய வேண்டும். இருபுறமும் அலை உடைந்துகொண்டிருக்க, நடுவில் மட்டும் நுரையில்லாமல் அமைதியாக, சற்று அடர்நிறத்தில் ஒரு பட்டை தெரிந்தால் அது பெரும்பாலும் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். அமைதியாக இருக்கிறதே என்று புதியவர்கள் அங்கேதான் போவார்கள். ஆற்று முகத்துவாரத்தின் பக்கமும் வேண்டாம். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கவே கூடாது. அப்படியும் இழுபட்டால் பலகையை விட்டுவிடாதீர்கள். அதன்மேல் படுத்து ஒரு கையை உயர்த்திக் காட்டுங்கள். கைகளால் துடுப்புப் போட முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போடுங்கள். நீரோட்டத்தை எதிர்த்து நேரே கரைக்கு வர முயன்றால் கை சோர்ந்துவிடும்.

பையில் ஒரு பாட்டில் வினிகர் இருக்கட்டும். ஜெல்லிமீன் கொட்டினால் குறைந்தது 30 விநாடி அதை ஊற்றி, ஒட்டியிருக்கும் இழைகளைப் பிறகு எடுங்கள். நல்ல தண்ணீரில் கழுவுவதும் மணலைப் போட்டுத் தேய்ப்பதும் நஞ்சைக் கூட்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 999ஐ அழையுங்கள்.

முக்கால் மணி நேரத்தில் உங்கள் தோள்கள் தளரும். அப்போது கரைக்கு வந்து தண்ணீர் குடித்துப் பத்து நிமிடம் உட்காருங்கள். மகள் இன்னும் விளையாடிக்கொண்டிருப்பாள், அவளோடு போட்டி வேண்டாம். கை தளர்ந்தபின் விழுவதும் கூடும். வசதி இருந்தால் மறுநாள் காலை ஒன்றரை மணி நேர வகுப்பு ஒன்றையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள். முதல் நாள் தடுமாறியவர்கள் பலரும் இரண்டாம் நாள்தான் நிற்கிறார்கள். விலா எலும்புப் பக்கம் லேசாக வலித்தால் அது பெரும்பாலும் பலகையில் படுத்ததால் வந்த வலி. வயிற்றில் உராய்ந்த தடிப்பு இருந்தால் ராஷ் கார்டை இடுப்புக்குள் செருகிக் கட்டிக்கொண்டு இறங்குங்கள்.