டெங்கு, பிளேட்லெட், பப்பாளி இலை: ஒரு கடிதம்

அன்புள்ள டாக்டர்,

வணக்கம். என் அக்கா பையனுக்கு எட்டு வயது, எடை 20 கிலோ. நான்கு நாள் கடும் காய்ச்சல். இரண்டாம் நாளே டெங்குவுக்கான என்எஸ்1 ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்று வந்துவிட்டது. ஐந்தாம் நாள் காலையில் காய்ச்சல் சுத்தமாக விட்டது. அப்பாடா என்று உட்கார்ந்தால், அன்று மதியம் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) 62,000 என்று ரிப்போர்ட். உடனே அட்மிட் பண்ணச் சொன்ன டாக்டர், பிளேட்லெட் ஏற்ற மட்டும் முடியாது என்றுவிட்டார். "காய்ச்சல் அடித்தபோது வீட்டிலேயே பார்த்துக்கொள்ளச் சொன்னவர், விட்டபிறகு சேர்க்கச் சொல்கிறாரே, பில்லுக்குத்தானே?" என்று வீட்டில் ஒரே சண்டை. பக்கத்து ஃபிளாட் மாமி பப்பாளி இலைச் சாறு அரைத்துக் கொடுத்தார். மாதுளை ஜூஸும் கொடுத்தோம். பையன் பிழைத்து வீட்டுக்கு வந்துவிட்டான். எல்லாம் பப்பாளிச் சாறின் புண்ணியம் என்கிறார் அத்தை. உண்மையா? இன்னொரு சந்தேகம். எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஓட்டேரி நல்லா என்ற கழிவுநீர்க் கால்வாய் நாறிக்கொண்டு ஓடுகிறது. கொசு ஒழிப்புக்கு வருகிறவரோ ஃபிரிட்ஜின் பின்பக்கத் தட்டைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுப் போகிறார். இது என்ன வேலை? பையனை எப்போது பள்ளிக்கு அனுப்பலாம்?

கோமதி, பெரம்பூர்

அன்புள்ள கோமதி,

அந்த டாக்டர் செய்த இரண்டுமே சரி. அக்காவிடம் சொல்லிவிடுங்கள்.

டெங்குவில் உயிருக்கு ஆபத்தான நேரம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் நடுவில். அப்போது நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கும். ரத்தத்தில் இருக்கும் நீர்ப்பகுதி வெளியேறி நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் சேரும். உள்ளே மிஞ்சுவது ரசம் சுண்டியதுபோலக் கெட்டியாகிவிடும். ரிப்போர்ட்டில் பிளேட்லெட்டுக்குச் சில வரிகள் தள்ளி பிசிவி அல்லது ஹெமட்டோக்ரிட் என்று ஒரு எண் இருக்கும். ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்று சொல்வது அது. வீட்டில் யாரும் அதைப் படிப்பதில்லை. ஆனால் டாக்டர் முதலில் பார்ப்பது அதைத்தான். முதல் நாள் 35 இருந்த பிசிவி 42 ஆகி, கூடவே பிளேட்லெட் சரிந்தால் கசிவு நடக்கிறது என்று அர்த்தம். 24 முதல் 48 மணி நேரத்தில் கசிவு நின்று, வெளியேறிய நீர் தானாக ரத்தத்துக்குத் திரும்பும். அந்த இரண்டு நாளைத் தாண்டுவதற்குத்தான் அட்மிஷன். டெங்குவில் பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம் இந்தக் கசிவும், அதனால் உறுப்புகளுக்கு ரத்த ஓட்டம் போதாமல் போகும் ஷாக் என்ற நிலையும்தான்.

குழந்தைகளிடம் இது ஏமாற்றும். ஷாக் நெருங்கும்போதும் பையன் கண்ணைத் திறந்து பேசிக்கொண்டிருப்பான். பிரஷரின் மேல் எண்ணும் 100 என்று நன்றாகவே இருக்கும். கீழ் எண் மட்டும் ஏறும். 100/65 இருந்தது 100/80 ஆனால், அதாவது இடைவெளி 20-க்கு வந்துவிட்டால், அவசரம். பிரஷர் கருவி இல்லாத வீட்டிலும் பார்க்க வழி உண்டு. கை கால் சில்லென்று இருக்கிறதா? கட்டைவிரல் நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் சிவக்காமல் இருக்கிறதா? ஆறு மணி நேரமாக ஒரு தடவைகூடச் சிறுநீர் போகாமல் இருக்கிறானா? இவற்றோடு விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பு மலம், காரணமில்லாத எரிச்சல் அல்லது அசந்து கிடப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் நள்ளிரவானாலும் கிளம்ப வேண்டியதுதான். விடியட்டும் என்று காத்திருந்து நேரத்தைத் தொலைத்த குடும்பங்கள் நிறைய.

இனி பிளேட்லெட். இயல்பு அளவு ஒன்றரை லட்சம் முதல் நான்கரை லட்சம். டெங்குவில் எலும்பு மஜ்ஜை உற்பத்தியைக் குறைத்துவிடுகிறது, இருப்பதையும் உடல் அழிக்கிறது. வெளியிலிருந்து ஏற்றுவதும் அதே கதிக்கு ஆளாகும். ரத்தப்போக்கு இல்லாத குழந்தைக்கு 62,000-க்கு ஏற்றினால் பலன் எதுவுமில்லை. ஒவ்வாமை வரலாம், கசிவு நேரத்தில் தேவையில்லாத திரவமும் உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியும் ரத்தப்போக்கு இருந்தால் ஏற்றுவோம், 10,000-க்குக் கீழே போனால் யோசிப்போம். மழைக்காலத்தில் "அவசரம், பிளேட்லெட் டோனர் தேவை" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளில் ஒரு பங்கு, வீட்டாரின் பதற்றத்துக்கு டாக்டர் பணிந்துபோவதால் வருவது என்பது என் கருத்து. லேபில் இன்னொரு கூத்தும் நடக்கும். ரத்த மாதிரியில் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டிருந்தால் மெஷின் குறைத்து எண்ணிவிடும். காலையில் 40,000, மாலையில் 70,000 என்று வந்தால் உடனே சந்தோஷப்படாமல், ஸ்மியர் எடுத்து, அதாவது ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள்.

கசிவு நின்றதும் எண்ணிக்கை தானாக ஏறும். ஏழாம், எட்டாம் நாள் வாக்கில் ஏறத் தொடங்கிவிடும். பப்பாளி இலைச் சாறைக் கொடுக்கத் தொடங்குவது பெரும்பாலும் ஐந்தாம், ஆறாம் நாளில். பெயர் யாருக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை. சில சிறிய ஆய்வுகளில் சாறு குடித்தவர்களுக்குப் பிளேட்லெட் கொஞ்சம் சீக்கிரம் ஏறியது உண்மை. கசிவோ சாவோ அதனால் குறைந்தது என்று நிறுவப்படவில்லை. எனக்குக் கவலை வேறு. அந்தக் கசப்பு குழந்தைக்கு வாந்தியையும் வயிற்றுவலியையும் கொடுக்கும். அவை இரண்டும் டெங்குவின் அபாய அறிகுறிகள். சாறால் வந்ததா, கசிவால் வந்ததா என்று யார் பிரித்துச் சொல்வது? மாதுளை, பீட்ரூட் ஜூஸிலும் இதே சிக்கல். சிவப்பாக வாந்தி எடுத்தால் ரத்தமா ஜூஸா என்று தெரியாது. நிலவேம்புக் குடிநீர் குடிக்கிறவர்கள் குடிக்கட்டும், ஆனால் சிறுநீரையும் கை கால் சூட்டையும் பார்க்கும் வேலை அதனால் குறையாது.

கொடுக்க வேண்டியது உப்பு கலந்த திரவம். 20 கிலோ குழந்தைக்கு ஒரு நாளைக்குச் சுமார் ஒன்றரை லிட்டர், காய்ச்சலும் வாந்தியும் இருந்தால் அதற்கு மேல். ஓஆர்எஸ் பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று கண்ணளவில் போட்டால் உப்பு கூடும் அல்லது குறையும். உப்புப் போட்ட கஞ்சி, மோர், இளநீர் எல்லாம் சரி. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். வாய்வழியே குடிக்க முடிகிற குழந்தைக்குத் தெம்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் போடுங்கள் என்று கேட்காதீர்கள். கசிந்த நீர் திரும்பும் நேரத்திலும் ட்ரிப்ஸ் ஓடினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. 20 கிலோவுக்கு 200 முதல் 300 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 120 என்றும் 250 என்றும் இரண்டு வகை கடையில் உண்டு. முதல் வகையில் 10 மில்லி சரியான அளவு, இரண்டாவதில் 5 மில்லி. பாட்டிலை மாற்றி 250-இல் 10 மில்லி கொடுத்தால் 500 மில்லிகிராம் போய்விடும். அது நாலு வேளையும் தொடர்ந்தால் கல்லீரல் தாங்காது, டெங்குவில் அது ஏற்கெனவே வீங்கியிருக்கும். ஐபுபுரூஃபன், மெஃபனமிக் ஆசிட், ஆஸ்பிரின், காய்ச்சலை உடனே இறக்குகிறேன் என்று இடுப்பில் போடும் டைக்ளோஃபினாக் ஊசி, எதுவும் வேண்டாம். ரத்தப்போக்கைத் தூண்டும். ஊசி குத்திய இடத்தில் தசைக்குள் ரத்தம் கட்டும்.

என்எஸ்1 முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால்தான் பயன். அதற்குப் பிறகு, வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் எலிசா பரிசோதனை. நெகட்டிவ் வந்தாலும் டெங்கு இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது.

ஓட்டேரி நல்லாவுக்கு வருவோம். அந்த நாற்றத் தண்ணீரில் வளர்வது கியூலெக்ஸ் வகைக் கொசு. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும், டெங்குவைப் பரப்பாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வேண்டியது வீட்டில் தேங்கிய தெளிந்த தண்ணீர். பகலில் கடிக்கும், பெரும்பாலும் ஓரிரு தெருவைத் தாண்டிப் பறக்காது. லாரித் தண்ணீரை டிரம்மில் பிடித்துவைத்தே பழகிய ஊர் நம்முடையது. 1780-லேயே மதராசில் டெங்கு போன்ற கொள்ளைக் காய்ச்சல் பதிவாகியிருக்கிறது. ஆக, ஃபிரிட்ஜ் தட்டைக் கவிழ்த்தவர் வேலை தெரிந்தவர். ஏசி தண்ணீர் சொட்டும் வாளி, மணிபிளாண்ட் பாட்டில், மொட்டைமாடியில் கிடக்கும் ஆட்டுக்கல், மூடி சரியாகப் பொருந்தாத சம்ப், வலை கட்டாத ஓவர்ஃப்ளோ குழாய், கட்டி முடிக்காத கட்டடத்தின் லிஃப்ட் குழி, இவற்றையும் அவரிடம் காட்டுங்கள்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே டிரம்மின் சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அதனால் வாரத்துக்கு ஒரு நாள் உள்சுவரைத் தேங்காய் நாராலோ பிரஷாலோ தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். புகை அடிப்பது பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். கதவைச் சாத்திய வீட்டுக்குள் துணிகளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஏடிஸுக்கு ஒன்றும் ஆகாது. தெருவுக்குப் புகை வண்டி வரவில்லை என்று சண்டை போடும் அசோசியேஷன்கள் அந்த நேரத்தில் சம்ப் மூடியைப் பார்க்கலாம்.

பள்ளி. காய்ச்சல் விட்டு இரண்டு நாள் முழுதாக ஆகி, பசி திரும்பி, பிளேட்லெட் 50,000-ஐத் தாண்டி ஏறுமுகத்தில் இருந்தால், மூச்சிரைப்பும் இல்லையென்றால், அனுப்பலாம். தினமும் ஊசி குத்தி எண்ண வேண்டாம். விளையாட்டு வகுப்பு மட்டும் இரண்டு வாரம் வேண்டாம், அசதி அதுவரை இருக்கும். இப்போது கை காலில் சிவந்து, நடுநடுவே வெள்ளைப் பொட்டுகளோடு அரிப்பு வந்தால் அது குணமாகும் கட்டத்தில் வருவதுதான். அலர்ஜி என்று ஸ்டீராய்டு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஒரு தடவை வந்தால் மறுபடி வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வைரஸில் நான்கு வகை உண்டு. வேறொரு வகை இரண்டாவதாகத் தாக்கும்போது கசிவு கடுமையாகும் வாய்ப்பு அதிகம். அடுத்த காய்ச்சலில் முதல் நாளே பிசிவி எடுத்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.