அறிவியல் சொற்கள் வாயில் நுழையாமலும் கணக்கு மண்டையில் ஏறாமலும் நீங்கள் பட்ட பாடு என்ன?

சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், இப்போது எனக்கே சிரிப்புத்தான் வருகிறது.

என்னை முதலில் கவிழ்த்தது மைட்டாசிஸும் மியாசிஸும். இரண்டும் செல் பிரிகிற கதைதான். ஒன்றில் இரண்டு செல்கள் கிடைக்கும், மற்றதில் நான்கு. எதில் எது என்பதில்தான் குழப்பம். கடைசியில் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன்: மியாசிஸ் என்றால் 'மியாவ்', மியாவ் என்றால் பூனை, பூனைக்கு நாலு கால், ஆகவே நாலு செல். என்னை நானே மெச்சிக்கொண்டு தூங்கிவிட்டேன். தேர்வில் பூனை சரியாக வந்து நின்றது. ஆனால் அதன் காலை எண்ண வேண்டுமா, கண்ணை எண்ண வேண்டுமா என்பது மறந்துபோனது. கண் என்று முடிவு செய்தேன். மதிப்பெண் போயிற்று.

அப்புறம்தான் மியாசிஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குக் 'குறைதல்' என்று பொருள் எனத் தெரிந்தது. குரோமோசோம்களின் எண்ணிக்கை பாதியாகக் குறைகிறது, அவ்வளவுதான். தமிழிலும் அதைக் குன்றல் பகுப்பு என்றுதான் சொல்கிறார்கள். பூனையை வளர்த்த நேரத்துக்கு அந்தச் சொல்லை ஒருமுறை உற்றுப் பார்த்திருக்கலாம். செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் அப்படித்தான். 'மைட்டோஸ்' என்றால் நூல், 'காண்ட்ரியான்' என்றால் சிறு மணி. இழைமணி என்று தமிழில் படித்தபோது, ஏதோ நகையின் பெயர் போலிருக்கிறதே என்று நினைத்தேனே தவிர, அதுவே நேர் பொருள் என்று உறைக்கவில்லை.

தனிமங்களின் குறியீடுகள் இன்னொரு கூத்து. சோடியத்துக்கு 'எஸ்' என்று எழுதிவிட்டு வந்தேன். அது கந்தகத்தின் குறியீடு. சாதாரண உப்பில் கந்தகத்தைப் போட்ட ஆள் நான்! சோடியத்தின் லத்தீன் பெயர் நேட்ரியம், அதனால்தான் 'என்ஏ'. பொட்டாசியம் லத்தீனில் காலியம், அதனால் 'கே'. இதைப் படித்து ஆஹா என்று நிமிர்ந்தால், காலியம் என்றே தனியாக இன்னொரு தனிமம் அட்டவணையில் உட்கார்ந்திருக்கிறது, அணு எண் 31. தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்துகள். அந்தக் கேள்வியும் காலி.

சுவரை நாள் முழுக்கத் தள்ளினாலும் அது நகராவிட்டால் செய்த வேலை சுழி என்கிறது இயற்பியல். விடிய விடியப் படித்தும் மண்டைக்குள் ஒன்றும் நகராத நாட்களில், இந்த வரி எனக்காகவே எழுதப்பட்டது என்று தோன்றும்.

சரி, கணக்குக்கு வருகிறேன். உண்மையான பாடு அங்கேதான்.

தீர்த்துக் காட்டியிருக்கும் கணக்குகளைக் கதை படிப்பதுபோல் படிப்பேன். ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டுவேன், எல்லாம் புரிந்துவிடும். மறுநாள் வெற்றுத்தாளை எடுத்தால் 'தீர்வு' என்று எழுதி அடிக்கோடு போடுவதோடு நின்றுவிடும். இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஆனால் கீழே இருக்கும் 2ஏ மேலே உள்ள எல்லாவற்றையும் வகுக்க வேண்டும் என்பது மட்டும் கையில் வராது. எக்ஸ் வர்க்கத்தில் 5 எக்ஸைக் கழித்து 6-ஐக் கூட்டினால் சுழி என்ற எளிய சமன்பாடு. விடை 3, 2. எனக்கோ வர்க்கமூலத்தை மட்டும் 2-ஆல் வகுத்து 5.5-உம் 4.5-உம் வந்தன. சமன்பாட்டில் திரும்பப் போட்டுப் பார்த்திருந்தால், 5.5-க்குச் சுழி வர வேண்டிய இடத்தில் 8.75 வந்து பல்லிளித்திருக்கும். யார் பார்த்தார்கள்?

பிறகு புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுதிப் பார்க்க ஆரம்பித்தேன். தப்பு வந்தால் அதை மட்டும் தனி நோட்டில் குறித்தேன். அந்த நோட்டைப் புரட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது: எனக்குக் கணக்கு வராமல் இல்லை, கழித்தல் குறிதான் வரவில்லை. பக்கத்துக்குப் பக்கம் அதே கோடு காணாமல் போயிருந்தது.

ஆறுதலுக்கு ஒன்று சொல்கிறேன். முக்கோணவியலில் வரும் 'சைன்' என்ற சொல்லே ஒரு வாசிப்புப் பிழை. சமஸ்கிருதத்தில் வில்லின் நாணைக் குறிக்கும் 'ஜ்யா', 'ஜீவா' என்ற சொற்களை ஆரியபட்டர் போன்றோர் கணிதத்தில் பயன்படுத்தினார்கள். அது அரபியில் 'ஜீப்' என்று உயிர்க்குறி இல்லாமல் எழுதப்பட்டது. 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்கு மாற்றியவர்கள் அதை மடிப்பு, மார்பு என்று பொருள்படும் 'ஜைப்' என்று படித்து, அதே பொருளுள்ள லத்தீன் சொல்லான 'சைனஸ்' என்று எழுதிவிட்டார்கள். நாம் வட்டத்தில் வரைவதை இன்றும் நாண் என்றே சொல்கிறோம், தமிழ் தப்பித்தது. அவர்கள் செய்த பிழை உலகம் முழுக்கப் பாடமாகிவிட்டது. என் பிழைக்குச் சிவப்பு மைதான் கிடைத்தது.

கடைசித் தேர்விலும் இருபடிச் சமன்பாடு வந்தது. கழித்தல் குறிகளை விரல் வைத்து எண்ணினேன், விடையைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அழகாகச் சுழி வந்தது. அந்தப் பூரிப்பில் நேரத்துக்கு முன்பே தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வினாத்தாளுக்குப் பின்பக்கமும் இருந்தது என்பதை வெளியே நண்பன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.