பம்ப் அறையிலிருந்து: பைபாஸும் ஸ்டீராய்டும், கேள்வி பதில்

இதய அறுவை அரங்கில், இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையைச் செய்யும் பம்பை இயக்கி ஓய்வு பெற்று, சேலத்தில் இருக்கிறேன். டாக்டர் அல்ல. மருந்தின் அளவைக் கேட்காதீர்கள்.

அஸ்தம்பட்டி வாசகர்: அப்பாவுக்கு அடுத்த வாரம் பைபாஸ். அழற்சி வராமலிருக்க, அதை அடக்கும் மருந்தான ஸ்டீராய்டு போடச் சொல்லலாமா?

அழற்சி வருவது உண்மை. இரத்தம் எங்கள் பம்பின் பிளாஸ்டிக் குழாய்களில் ஓடியதும் காம்ப்ளிமென்ட் எனும் எதிர்ப்புச் சக்திப் புரதங்கள் விழித்துக்கொள்ளும், வெள்ளணுக்கள் கொதித்தெழும். நுரையீரலில் நீர் கோக்கலாம், இரத்த அழுத்தம் இறங்கலாம். ஸ்டீராய்டு இதை அடக்கும் என்ற கணக்கை நம்பி நாங்களும் பல வருடம் ஊற்றியவர்கள்தான். இதய அறுவை நோயாளிகளில், 2012இல் நெதர்லாந்தில் 4,494 பேரிடம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையும், 2015இல் 18 நாடுகளில் 7,507 பேரிடம் மெத்தில்பிரட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டையும், போலி மருந்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இரண்டிலும் சாவு குறிப்பிடும்படி குறையவில்லை. இரண்டாவதில் இதயத்தசைக் காயம் சற்றுக் கூடவே செய்தது. நீங்கள் போய் வற்புறுத்தாதீர்கள். மயக்க மருந்து டாக்டர் பார்த்துக்கொள்வார்.

ஆத்தூர் வாசகர்: மூட்டுவலிக்கு இரண்டு வருடமாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். ஆபரேஷனுக்கு முன் நானே நிறுத்திவிடட்டுமா?

கூடவே கூடாது. சிறுநீரகத்துக்கு மேலே உட்கார்ந்து உடலின் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கும் சுரப்பி, மாத்திரை வந்ததால் இரண்டு வருடமாகத் தூங்குகிறது. திடீரென்று நிறுத்தினால் அறுவையின்போது இரத்த அழுத்தம் படுத்துவிடலாம். மாத்திரை அட்டையோடு டாக்டரிடம் போங்கள். பெயரில்லாத மூட்டுவலிப் பொடி தின்பவர்களும் சொல்லிவிடுங்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும்.

ஏற்காடு வாசகர், இளம் டாக்டர்: ஐயா, பாதிதான் சொன்னீர்கள். நெதர்லாந்து ஆய்வில் நோய்த்தொற்று குறைந்தது, மருத்துவமனையில் இருந்த நாட்களும் குறைந்தன. அதை ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை தம்பி, இடம் போதவில்லை. நீங்கள் சொல்வது சரி. ஆனால் அதே ஆய்வில் சர்க்கரை ஏறியது. அதைவிடப் பெரிய ஆய்வில் அந்த நன்மை தெரியவில்லை. மருந்து வேறு, அளவு வேறு என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன்.

அதே டாக்டர்: குழந்தைகளுக்கு?

2022இல் வெளியான ஆய்வில், இதய அறுவை செய்த, ஒரு வயதுக்குட்பட்ட 1,200 குழந்தைகளிடம் மெத்தில்பிரட்னிசொலோனைப் போலி மருந்தோடு ஒப்பிட்டார்கள். அங்கும் முடிவில் தெளிவான ஆதாயம் இல்லை. இன்சுலின் தேவை கூடியது. உங்களோடு ஏற்காட்டில் காபி குடித்துக்கொண்டே சண்டை போடலாம்; இங்கே மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஓமலூர் வாசகர்: அறுவை முடிந்து மூன்று வாரம். காய்ச்சல், மூச்சு இழுத்தால் நெஞ்சு குத்துகிறது. ஸ்டீராய்டு வேண்டுமா?

இன்றே டாக்டரைப் பாருங்கள். இதய உறையில் அழற்சியோ, புண்ணில் சீழோ, பார்த்தால்தான் தெரியும். உறையழற்சி என்றால்கூட முதலில் அழற்சி தணிக்கும் ஆஸ்பிரின், கோல்ச்சிசின் போன்ற மருந்துகள்; ஸ்டீராய்டு பிறகுதான்.

செவ்வாய்ப்பேட்டை வாசகர்: ஸ்டீராய்டு போட்டால் அழற்சி வராதாமே?

அஸ்தம்பட்டிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மேட்டூர் வாசகர்: ஸ்டீராய்டு போடுகிறவர் மல்கோவா சாப்பிடலாமா?

சர்க்கரையை அளந்துவிட்டுக் கேளுங்கள்.

எடப்பாடி வாசகர்: எத்தனை மில்லிகிராம் போடுவார்கள்?

முதல் பத்தி.