டாரோட் புத்தகமும் அம்மா நீட்டும் போனும்

கேள்வி: எனக்கு வயது 33. சுங்கை சிப்புட்டில் அம்மாவுடன் இருக்கிறேன். படம் போட்ட அட்டைகளை விரித்துக் குறி பார்க்கும் டாரோட் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டு இணையத்தில் 25 ரிங்கிட்டுக்கு ஒரு கட்டு வாங்கினேன். உள்ளே கையேடு இல்லை, ஒரு கியூஆர் குறி மட்டும்தான். ஈப்போவில் ஒரு கடையில் மூன்று புத்தகங்களைப் புரட்டிவிட்டுக் குழப்பத்தோடு திரும்பினேன். புதிதாகக் கற்பவர் எப்படிப்பட்டதை வாங்க வேண்டும்? ஜொகூர் பாருவில் இருக்கும் தம்பியின் மனதில் என்னதான் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அப்பாவை இரண்டு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தவள் நான். அவன் கருமக்கிரியை முடிந்த அன்றிரவே பஸ் ஏறிவிட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்குப் போன் போடுவான். அம்மா என்னிடம் நீட்டுவார், நான் துணி காயப்போட எழுந்துவிடுவேன்.
- பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: துணி காயப்போட எழுந்துவிடுகிறீர்கள். போகிற போக்கில் எழுதிய அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. வாரம் தவறாமல் தம்பியின் குரல் உங்கள் வீட்டுக்குள் வருகிறது. அதைக் கேட்காமல் கொல்லைப் பக்கம் போய்விட்டு, அவன் மனதில் இருப்பதை 78 அட்டைகளிடம் கேட்கப் புத்தகம் தேடுகிறீர்கள்.

இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. மாமியார் மனதில் என்ன, அண்ணி ஏன் முகத்தைத் திருப்புகிறாள் என்று கேட்பார்கள். சம்பந்தப்பட்டவர் அடுத்த அறையில்தான் இருப்பார்.

அப்பாவை நீங்கள் பார்த்துக்கொண்டது பெரிய காரியம். கருமக்கிரியை முடித்ததோடு மகனின் கடமை தீர்ந்துவிடாது, அம்மாவோடு இன்னும் நாலு நாள் இருந்துவிட்டுப் போயிருக்க வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அதை அவனிடம் சொல்ல வேண்டியவர் யார்? மூத்தவள் நீங்கள். அவனுக்கு எத்தனை நாள் லீவு கிடைத்தது என்றாவது விசாரித்தீர்களா? புருஷனைப் பறிகொடுத்த ஒரு தாய், பெற்ற இரண்டு பிள்ளைகளையும் ஒரு பேச்சில் சேர்த்துவிடலாம் என்று வாரா வாரம் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவரை அப்படி நிற்க வைப்பதற்கு உங்கள் கோபம் எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் போதாது. இந்த ஞாயிறு வாங்கிப் பேசுங்கள். திட்டத்தான் வருகிறது என்றால் திட்டுங்கள். துணி கொஞ்சம் தாமதமாகக் காயட்டும்.

இனி புத்தகம். நீங்கள் பார்த்த மூன்றின் பெயரையும் எழுதவில்லை. அதனால் கடையில் நின்றபடியே சோதிக்கும் வழியைச் சொல்கிறேன்.

முதலில் கட்டு. கையேட்டுக்குப் பதில் கியூஆர் குறி மட்டும் இருக்கும் மலிவுக் கட்டு பெரும்பாலும் நகல்தான். வழக்கமான அட்டை ஏறத்தாழ 7 செ.மீ. அகலம், 12 செ.மீ. உயரம் இருக்கும். நகல்களில் அளவு குறையும், கோடுகள் மங்கும், ஓரம் சீக்கிரம் பிரியும். ஓரம் பிரிந்தால்கூடப் பரவாயில்லை. படத்திலுள்ள சின்ன விவரங்களை வைத்துத்தான் பாடமே, அவை மங்கினால் எந்தப் புத்தகமும் உதவாது.

உங்கள் கட்டும் புத்தகமும் ஒரே மரபா என்று பார்க்க, கோப்பை, வாள் போன்ற வகைகளில் சேராத எட்டாம் எண் அட்டை போதும். சிங்கத்தின் வாயைப் பிடித்திருக்கும் பெண் என்றால் 1909இல் லண்டனில் வெளிவந்த ரைடர் வெயிட் வழி. அதன் படங்களை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். தராசு ஏந்திய நீதிதேவதை என்றால் பழைய மார்செய் வழி, அதில் சிங்கம் பதினொன்றில் இருக்கும். அரசவை அட்டைகளில் ராஜாவே இல்லாமல் இளவரசன், இளவரசி என்று வந்தால் பெரும்பாலும் தோத் என்ற இன்னொரு வழி. நீங்கள் ரைடர் வெயிட் வழியை எடுங்கள். மார்செய் கட்டில் சிறிய எண் அட்டைகளில் கோப்பைகளையும் வாள்களையும் அடுக்கி வைத்திருப்பார்களே தவிர காட்சி கிடையாது, புதியவர் திணறிப்போவார். 'ஆரக்கிள்' என்று போட்டிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். அது வேறு வகை, எண்ணிக்கையும் அமைப்பும் கட்டுக்குக் கட்டு மாறும்.

அடுத்து பக்கக் கணக்கு. 78இல் எந்த வகையிலும் சேராத 22 'பெரிய' அட்டைகள், மீதி 56 'சிறியவை', அதாவது கோப்பை, வாள் முதலான நான்கு வகைகளின் எண் அட்டைகளும் அரசவை அட்டைகளும். பத்து அட்டை விரித்தால் சராசரியாக ஏழு சிறியவையாகத்தான் விழும். அப்படியிருக்க 22க்கு ஆளுக்கு நாலு பக்கம் கொடுத்துவிட்டு 56க்கு இரண்டிரண்டு வரியில் முடிக்கும் புத்தகங்கள் ஏராளம். பாதி வழியில் கைவிடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள்.

பிறகு கோப்பை நான்கு என்ற அட்டையின் பக்கத்தைத் திறந்து படியுங்கள். மரத்தடியில் ஓர் இளைஞன் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். எதிரே புல்லில் மூன்று கோப்பைகள். மேகத்திலிருந்து ஒரு கை நான்காவதை நீட்டும், அவன் அதை ஏறிட்டும் பார்க்க மாட்டான். மட்டமான புத்தகம் 'சலிப்பு, அதிருப்தி, தவறவிட்ட வாய்ப்பு' என்று எழுதி நிறுத்திவிடும். நல்ல புத்தகம் கட்டிய கைகளையும் நீட்டிய கையையும் காட்டி, அந்தப் பொருள் படத்தில் எங்கிருந்து வருகிறது என்று விளக்கும். அப்போது சொற்கள் மறந்துபோனாலும் பார்த்தே சொல்லிவிடலாம்.

தம்பிக்காகப் போட்டு இந்த அட்டை வந்தால் 'பார், எங்களை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறான்' என்பீர்கள். எனக்கு மரத்தடியில் நீங்கள்தான் தெரிகிறீர்கள். எதிரில் இல்லாத ஆளைப் பற்றிக் கேட்டால் இதுதான் கோளாறு: ஆமாம், இல்லை என்று சொல்ல அவர் அங்கே இல்லை. கோபம் தனக்கு வேண்டிய பொருளை எடுத்துக்கொள்ளும். ஆகவே கேள்வி கேட்கும் முறைக்கென்று ஓர் அத்தியாயம் இல்லாத புத்தகத்தை வாங்கவே வேண்டாம். 'அவன் என்ன நினைக்கிறான்' என்பது தப்பான கேள்வி. 'அவனோடு பேசும்போது நான் எதில் கவனமாக இருக்க வேண்டும்' என்று கேட்கலாம்.

எகிப்தியப் பூசாரிகளின் ரகசியம் என்று தொடங்கும் புத்தகத்தையும் தவிர்க்கலாம். டாரோட் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் சீட்டாட்டமாகப் பிறந்தது. எகிப்துக் கதையைப் பரப்பியது 1781இல் ஒரு பிரெஞ்சுக்காரர் எழுதிய நூல். நிலா வெளிச்சம், பட்டுத்துணி, படிகக்கல் என்று முப்பது பக்கம் போனால் அதுவும் வீண்செலவு. பத்து அட்டை விரிப்பு முதல் அத்தியாயத்திலேயே வந்தால் எழுதியவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை. ஓர் அட்டை, மூன்று அட்டை, பிறகுதான் பத்து. தலைகீழாக விழும் அட்டைகளுக்கான பொருளை ஆரம்பத்தில் தொடாதீர்கள், எல்லாவற்றையும் நேராக அடுக்கிவிட்டே கலையுங்கள்.

ரைடர் வெயிட் கட்டை உருவாக்கிய வெயிட் எழுதிய விளக்க நூல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் நடை பழையது, பல இடங்களில் வேண்டுமென்றே மறைத்து எழுதியது. ஆங்கிலம் சரளமாக வராதவர் அதில் தொடங்கக் கூடாது. கடையில் ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். நாலைந்து வார்த்தைக்கு மேல் அகராதி தேவைப்பட்டால் வேறொன்றை எடுங்கள்.

வாங்கிய பின் தினம் ஓர் அட்டை. புத்தகத்தைத் திறக்கும் முன் படத்தில் கண்டதை மூன்று வரி நோட்டில் எழுதுங்கள், அதற்குப் பிறகு ஒப்பிடுங்கள். முதல் சுற்றுக்கு 78 நாள் ஆகும்.

ஒன்று மட்டும். தோட்டத்துப் பட்டணத்தில் செய்தி நிற்காது. கட்டு கையில் இருப்பது தெரிந்ததும் பக்கத்து வீட்டு அக்கா, புருஷன் சம்பளத்தை எங்கே கொண்டுபோகிறான் என்று பார்த்துச் சொல்லச் சொல்வார். இன்னொருவர் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டோடு வருவார். அடுத்தவர் ரகசியம், நோய், கோர்ட் வழக்கு மூன்றுக்கும் முடியாது என்று சொல்லிவிடுங்கள், காசு நீட்டினாலும்தான். அக்கா ஒரு வாரம் பேசாமல் இருந்தால் இருக்கட்டும்.