நம்பர் பிளேட்டில் இருக்கும் சுதந்திரம்

கேள்வி: என் மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். அமெரிக்கர்களுக்குச் சுதந்திரம் என்றால் என்ன என்று கட்டுரை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். தேடினால் 1776, ஜூலை 4, ஜெஃபர்சன் என்றே வருகிறது. வேறு எதைச் சொல்லிக் கொடுக்கலாம்?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: அமெரிக்கா விடுதலையை அறிவித்த 1776உம், அந்த அறிக்கையை எழுதிய ஜெஃபர்சனும் இல்லாமல் கட்டுரை நிற்காது அம்மா, அது இருக்கட்டும். ஆனால் அவனை அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். நான் இருபத்தாறு வருஷமாக நியூ ஹாம்ப்ஷயரில் இருக்கிறேன். இங்கே இருந்தே இரண்டு கதை சொல்கிறேன்.

எங்கள் மாநிலத்துக் கார்களின் நம்பர் பிளேட்டில் 'லிவ் ஃப்ரீ ஆர் டை' என்று அச்சிட்டிருக்கும். சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப் போ. பிரிட்டனை எதிர்த்த அமெரிக்கப் புரட்சிப் போரில் சண்டையிட்ட ஜான் ஸ்டார்க் என்ற தளபதி 1809இல் எழுதி அனுப்பிய வாழ்த்து வாசகம் அது. 1970களில் இதே மாநிலத்தில் இருந்த ஜார்ஜ் மேனார்டுக்கு அந்த வாசகம் ஒப்பவில்லை. அவர் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். அரசுக்காக உயிரைக் கொடு என்பது அவருடைய நம்பிக்கைக்கு விரோதம். அதனால் தன் காரில் அந்த வாசகத்தை டேப் ஒட்டி மறைத்தார். போலீஸ் பிடித்தது, அபராதம் போட்டார்கள். கட்ட மாட்டேன் என்றார். பதினைந்து நாள் சிறையில் இருந்துவிட்டு வந்தார். சுதந்திரமாக வாழ் என்ற சொல்லை மூடியதற்காக ஒரு மனிதர் சிறைக்குப் போயிருக்கிறார்!

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1977இல் மேனார்டு ஜெயித்தார். பேசுகிற உரிமையில் பேசாமல் இருக்கும் உரிமையும் அடங்கும், ஒருவர் நம்பாத வாசகத்தை அவருடைய சொந்தக் காரில் சுமக்கச் சொல்ல மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்று நீதிபதிகள் எழுதினார்கள். அந்தப் பிளேட்டுகளை அடிப்பதே எங்கள் தலைநகர் கான்கார்டில் இருக்கும் மாநிலச் சிறையின் கைதிகள்தான். இதையும் உங்கள் மகன் தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்தது ஓனா ஜட்ஜ். இவள் பெயரை எழுதாமல் என்னால் இந்தக் கேள்விக்குப் பதில் எழுத முடியாது. ஜார்ஜ் வாஷிங்டன் நாட்டின் முதல் ஜனாதிபதியாக ஃபிலடெல்ஃபியாவில் இருந்தபோது அந்த வீட்டில் அடிமையாக இருந்த பெண். அவருடைய மனைவி மார்த்தாவுக்குத் தலை வாரி, உடை எடுத்து வைத்து, பக்கத்திலேயே இருக்கும் வேலை. ஃபிலடெல்ஃபியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலத்தில் 1780இல் ஒரு சட்டம் வந்திருந்தது. வெளியூர்க்காரர் கூட்டிவரும் அடிமை தொடர்ந்து ஆறு மாதம் அந்த மாநிலத்தில் இருந்துவிட்டால் விடுதலை கேட்கலாம். வாஷிங்டன் என்ன செய்தார் தெரியுமா? ஆறு மாதம் நிறைவதற்குள் தன் அடிமைகளை எல்லை தாண்டி அனுப்பிவிட்டு, மறுபடி வரவழைத்துக்கொள்வார். கணக்கு புதிதாக ஆரம்பிக்கும்.

1796இல் மார்த்தாவின் பேத்திக்குத் தன்னைக் கல்யாணப் பரிசாகத் தரப்போகிறார்கள் என்று ஓனாவுக்குத் தெரிய வந்தது. மே மாதம், வீட்டில் எல்லோரும் சாப்பாட்டு மேஜையில் இருந்த நேரத்தில் வெளியே நடந்துவிட்டாள். அப்போது வயது இருபத்திரண்டு இருக்கும். பிடித்துக் கொடுத்தால் பத்து டாலர் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. அவள் கப்பலேறி வந்து இறங்கியது எங்கள் போர்ட்ஸ்மத் துறைமுகத்தில். நான் காய்கறி வாங்கப் போகும் ஊர் அது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கரையைப் பார்க்கும்போது, முன்பின் பார்த்திராத ஊரில் அவள் எந்தத் தெருவில் திரும்பியிருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வாஷிங்டன் இரண்டு முறை ஆள் விட்டுப் பார்த்தார். அவள் போகவில்லை. ஒரு மாலுமியைக் கட்டிக்கொண்டாள், மூன்று பிள்ளைகள் பெற்றாள், எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டாள். கணவனும் பிள்ளைகளும் அவளுக்கு முன்பே போய்விட்டார்கள். வயதான காலத்தில் வறுமைதான். 1845இல் ஒரு பாதிரியார் அவளிடம் கேட்டதைக் கான்கார்டு பத்திரிகை ஒன்று வெளியிட்டது. அதன் நகலை, நான் வேலை பார்க்கும் நூலகத்தில்தான் முதலில் படித்தேன். வாஷிங்டன் வீட்டார் தங்கள் சொந்த மாநிலமான வர்ஜீனியா போக மூட்டை கட்டியபோது நானும் மூட்டை கட்டினேன், எங்கே போவதென்று தெரியாது, திரும்பிப் போனால் என் விடுதலை எனக்குக் கிடைக்கவே கிடைக்காது என்று மட்டும் தெரியும் என்கிறாள். அங்கே இருந்ததைவிட இங்கே அதிகம் உழைக்க வேண்டியிருந்ததே, விட்டு வந்ததற்கு வருத்தம் இல்லையா என்று கேட்டதற்கு, "இல்லை, நான் சுதந்திரமானவள்" என்று சொல்லிவிட்டுத்தான் மேலே பேசுகிறாள். 1848இல் பக்கத்து ஊரான கிரீன்லாந்தில் இறந்தாள். சட்டப்படி அன்றுவரை அவள் ஓடிப்போன அடிமைதான். யாரும் அவளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதித் தரவில்லை.

உங்கள் மகனை, எல்லா மனிதரும் சமமாகவே படைக்கப்பட்டார்கள் என்ற ஜெஃபர்சனின் வரியையும் ஓனாவின் வரியையும் அடுத்தடுத்து எழுதச் சொல்லுங்கள். அந்த இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று அவனையே யோசிக்க விடுங்கள்.

கேள்வி: 'லிபர்டி', 'ஃப்ரீடம்' இரண்டும் ஒன்றா?
– ஒரு வாசகர், ஒஹாயோ

பதில்: பேச்சில் மாற்றி மாற்றித்தான் சொல்கிறார்கள். லிபர்டி லத்தீனிலிருந்து வந்தது, ஃப்ரீடம் பழைய ஜெர்மானிய வேர். 'ஃப்ரெண்ட்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். மணி, சிலை, நாணயம் என்று அரசாங்கம் செய்து வைத்ததில் லிபர்டியைப் பார்ப்பீர்கள். கறுப்பரையும் வெள்ளையரையும் பஸ்ஸில் பிரித்து வைப்பதை எதிர்த்து 1961இல் பஸ் ஏறிப்போய் அடிபட்டவர்கள் ஃப்ரீடம் ரைடர்ஸ். 1964இல் மிசிசிப்பியில் கறுப்பினக் குழந்தைகளுக்காக நடத்திய பள்ளிகள் ஃப்ரீடம் ஸ்கூல்ஸ். இது விதி இல்லை, என் காதில் விழுகிற வித்தியாசம். தமிழில் நமக்கு விடுதலை என்ற சொல் இருக்கிறது. எதிலிருந்து என்ற கேள்வி அதற்குள்ளேயே உண்டு. ஓனாவைப் பற்றி எழுதும்போது எனக்கு அந்தச் சொல்தான் முதலில் வருகிறது.

கேள்வி: இரண்டு கட்சிக்காரர்களும் சுதந்திரம் என்றுதான் பேசுகிறார்கள். யாரை நம்புவது?
– ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: இதே குழப்பத்தை ஜனாதிபதி லிங்கன் 1864 ஏப்ரலில் பால்டிமோரில் பேசியிருக்கிறார். உள்நாட்டுப் போரின் நடுவில், காயம்பட்ட வீரர்களுக்காக நிதி திரட்டிய கண்காட்சியில். சுதந்திரம் என்ற சொல்லுக்கு உலகம் இன்னும் நல்ல விளக்கம் கண்டதில்லை என்றார். இடையன் ஓநாயை ஆட்டின் கழுத்திலிருந்து விரட்டுகிறான். ஆடு அவனை ரட்சகன் என்கிறது. ஓநாயோ, என் சுதந்திரத்தைக் கெடுத்தவன் என்று அதே செயலுக்காகத் திட்டுகிறது. அதிலும் அந்த ஆடு கறுப்பாக இருந்தால் கேட்கவே வேண்டாம் என்று சேர்த்துக்கொண்டார். அவர் நின்று பேசிய மேரிலாந்தே அன்றைக்கு அடிமை மாநிலம். அதே வருஷம் நவம்பரில்தான் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. கட்சி எதுவானால் என்ன ஐயா, அவர்கள் கேட்கும் சுதந்திரம் யாருடைய கழுத்தில் என்ன செய்யும் என்று பாருங்கள். நான் ஓட்டுப் போடப் போகும்போது அதைத்தான் பார்க்கிறேன்.

கேள்வி: அடுத்த மாதம் மகளுடன் சுதந்திரதேவி சிலையைப் பார்க்கப் போகிறோம். அவளுக்கு எதைக் காட்ட வேண்டும்?
– ஒரு வாசகி, மாசச்சூசெட்ஸ்

பதில்: காலடியைக் காட்டுங்கள். எல்லோரும் தீப்பந்தத்தைத்தான் பார்க்கிறார்கள். பாதத்தருகே அறுந்த சங்கிலியும் விலங்கும் கிடக்கின்றன. சிலை என்ற யோசனையைச் சொன்ன பிரெஞ்சுக்காரர் லபூலே அடிமை ஒழிப்புக்காக எழுதியவர். கீழே நின்று பார்த்தால் சங்கிலி சரியாகத் தெரியாது. அதனால் வானத்திலிருந்து எடுத்த படம் ஒன்றைப் போனில் இறக்கிக்கொண்டு போங்கள், அங்கே நின்று காட்டுங்கள். தீவில் உள்ள அருங்காட்சியகத்தில் பாதத்தை அசல் அளவில் செய்து வைத்திருக்கிறார்கள், அதையும் விட்டுவிடாதீர்கள். அப்புறம், சிலை திறந்தது 1886இல். சீனத் தொழிலாளர் வரக்கூடாது என்று இதே நாடு சட்டம் போட்டு அப்போது நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. மகள் கேட்டால் இதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.